துரு போகட்டும், முத்திரை இருக்கட்டும்

பழைய மெக்கானிக் கருவிகளைத் தேடிச் சேர்ப்பது, துரு நீக்கி மறுபடியும் வேலைக்குக் கொண்டுவருவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அயனாவரத்தில் நாற்பது வருடமாகப் பட்டறை நடத்திவருபவர் பதில் சொல்கிறார்.

*

கேள்வி: பரண் சுத்தம் செய்யும்போது மாமனாரின் டூல் பாக்ஸ் கிடைத்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். முப்பது சாமான் இருக்கும், எல்லாமே துரு. காயலான் கடையில் கிலோ கணக்கில் கேட்கிறார்கள். கொடுக்க மனசு வரவில்லை. வீட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா?
(வாசகி, கொளத்தூர்)

பதில்: தாராளமாக முடியும் அம்மா. காயலான் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவர் தராசில் எல்லாமே வெறும் இரும்புதான். உங்கள் பெட்டியில் இருப்பது காய்ச்சி அடித்து, பதம் போட்ட எஃகு. மேலே இருக்கும் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாதிக்கு மேல் தோலோடு நின்றிருக்கும்.

முதல் நாள் எதையும் தேய்க்காதீர்கள். பழைய தட்டு ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, சாமான்களை ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் சரிதான். காலையில் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, பித்தளைக் கம்பி பிரஷால் நீளவாக்கில் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், கீறல் விழும். கொஞ்ச நேரத்தில் எழுத்துகள் தெரிய ஆரம்பிக்கும். கம்பெனி பெயர், அளவு. அப்புறம் கைப்பிடியின் அடியில், உள்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் இன்னொரு அடையாளம் இருக்கும். அதை விடாமல் தேடுங்கள். உங்கள் மாமனார் தன் கையால் அடித்த முத்திரை அது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என் அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். அவரிடம் ஒரு கிங் டிக் ஸ்க்ரூ ஸ்பேனர் இருந்தது. பர்மிங்காம் சரக்கு, புல்டாக் நாயின் பெயரை வைத்துக்கொண்ட மார்க். அதன் பிடியில் சென்டர் பஞ்சால் மூன்று புள்ளிகளை முக்கோணமாக அடித்து வைத்திருந்தார். எழுத்துப் பஞ்ச் செட் கையில் இல்லாத ஃபிட்டர்கள் இப்படிப் புள்ளி வைத்துத்தான் தன் சாமானை அடையாளம் கண்டுகொள்வார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்குத் திடீரென்று காட்டிச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து, நான் வேலை கற்றுக்கொண்டிருந்த பட்டறையின் கிரைண்டரில் பிடித்து அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். துருவோடு புள்ளிகளும் போய்விட்டன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. புள்ளி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார், பெட்டியில் வைத்தார். அந்த ஸ்பேனர் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த இடம் மொழுக்கென்று இருக்கிறது.

கிரைண்டரில் இன்னொரு கெடுதலும் உண்டு. எஃகு சூடேறும்போது 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் வரும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். உளி முனையில் நீலம் பாய்ந்தால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த உளி இரும்பை வெட்டாது, தானே மழுங்கும்.

பிரஷுக்கு அசையாத கெட்டித் துரு இருந்தால் கரண்ட் வைத்தியம் செய்யலாம். பிளாஸ்டிக் பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா. கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டு ஒன்றை ஒரு ஓரமாக நிறுத்தி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பிளஸ் கிளிப்பை அதில் மாட்டுங்கள். துருப்பிடித்த கருவியை வேறொரு மெல்லிய கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, மைனஸ் கிளிப்பை அந்த மெல்லிய கம்பியில் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது, கிளிப் தண்ணீருக்குள் போகக்கூடாது. சுவிட்ச் போட்டதும் கருவியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. அதனால் மொட்டைமாடியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, ஊதுவத்தி எதுவும் வேண்டாம். பக்கெட்டுக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நாலைந்து மணி நேரத்தில் துரு கறுப்புச் சேறாக மாறி, துணியில் துடைத்தாலே வந்துவிடும். நல்ல உலோகம் ஒரு நூல்கூடத் தேயாது. அதனால்தான் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியையோ தட்டையோ பிளஸ்ஸில் மாட்டாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீர் மஞ்சளாகும், அது விஷம். பித்தளை, அலுமினியச் சாமான்களையும் பக்கெட்டில் போட வேண்டாம். ஸ்பிரிங் உள்ளவற்றுக்கு மண்ணெண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் ஏறினால் பதம் போட்ட ஸ்பிரிங் பட்டென்று ஒடியும்.

வெளியே எடுத்ததும் அலசி, உடனே துடைத்து, உச்சி வெயிலில் காயவைத்து, சூடு ஆறும் முன் எண்ணெய் போட்டுவிடுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று வைத்தால், சென்னைக் காற்றில் அதற்குள் செம்மஞ்சள் படிந்துவிடும்.

*

கேள்வி: பல்லாவரம் சந்தையில் ஒரு ஸ்பேனர் வாங்கினேன். '1/4 டபிள்யூ' என்றும் '5/16 பி.எஸ்.' என்றும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறது. அளந்தால் வாய் அரை அங்குலத்துக்கும் மேலே. 13 போல்ட்டில் ஆடுகிறது, 14-ல் ஏறவில்லை. போலிச் சரக்கா?
(பாலிடெக்னிக் மாணவர், அம்பத்தூர்)

பதில்: போலி இல்லை தம்பி, அசல் பிரிட்டிஷ் அளவு அது. இன்றைய ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் வாயின் அகலம். உங்களுடையதில் போட்டிருப்பது போல்ட் தண்டின் கனம். கால் அங்குலத் தண்டு, அதாவது நம் பட்டறைப் பேச்சில் ரெண்டு நூல் போல்ட். அதன் தலைக்கு வாய் 0.525 அங்குலம், ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர். 13-ல் ஆடியதற்கும் 14-ல் ஏறாததற்கும் அதுதான் காரணம்.

ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1841-ல் மரைகளுக்கு ஒரு பொது அளவைச் சொன்னார். அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி மரை வெட்டியது, ஓர் ஊர் நட்டு இன்னோர் ஊர் போல்ட்டில் ஏறாது. அவர் வைத்த மரைக் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக்கில் 60. பின்னால் பி.எஸ்.எஃப். என்ற நெருக்க மரை வந்தபோது அதற்கு ஒரு சைஸ் சின்னத் தலை கொடுத்தார்கள். ஆகவே விட்வொர்த்தின் ரெண்டு நூல் தலையும், பி.எஸ்.எஃப்.பின் ரெண்டரை நூல் தலையும் ஒன்றே. உங்கள் ஸ்பேனரில் 'டபிள்யூ' என்பது விட்வொர்த், 'பி.எஸ்.' என்பது பி.எஸ்.எஃப். ஒரே வாய்க்கு இரண்டு பெயர், அவ்வளவுதான்.

ஏ.எஃப். என்று போட்ட ஸ்பேனர் வேறு ஜாதி. அது வாயின் அகலத்தையே அங்குலத்தில் சொல்லும். அம்பாசிடர் வேலைக்குப் பெரும்பாலும் ஏ.எஃப்., பழைய புல்லட்டுக்கு விட்வொர்த். உங்கள் ஏரியாவில் பழைய புல்லட்டை ஆசையாக வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அந்த ஸ்பேனரோடு போய்ப் பேசுங்கள். 14 ஸ்பேனரை மாட்டி மூலை மழுங்கிய நட்டு ஒன்றையாவது காட்டுவார்.

*

கேள்வி: அப்பாவின் ரிங் ஸ்பேனர் செட்டில் குரோமியம் உரிந்து வருகிறது. மறுபடி முலாம் போட்டுவிடலாமா?
(வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: வேண்டாம். முலாம் போடும் முன் ஆசிடில் முக்குவார்கள், பஃபிங் வீலில் பிடிப்பார்கள். எழுத்து மழுங்கும், ஆசிடால் எஃகும் நொறுங்கும் தன்மைக்கு வரலாம். உரிந்த விளிம்பு மட்டும் பிளேடு மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும். அந்த விளிம்பை எண்ணெய்க்கல்லில் மெதுவாகத் தேய்த்து அடக்கிவிட்டு, அப்படியே பயன்படுத்துங்கள்.

யுத்த காலச் சாமான் சிலவற்றில் பளபளப்பில்லாமல், மங்கலாகச் சாம்பலும் மஞ்சளும் கலந்த மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது கேட்மியம். அதை எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கவே கூடாது, தூள் மூச்சில் போனால் ஆபத்து. எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி.

*

கேள்வி: சென்னையில் நல்ல பழைய கருவிகள் எங்கே கிடைக்கும்? எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: என் சின்ன வயதில் மூர் மார்க்கெட்தான். சென்ட்ரல் பக்கத்தில், 1900-லிருந்து இருந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், சாமான் தேடுகிறவர்கள் ஒரு பக்கம். 1985-ல் எரிந்துபோனது. இப்போது வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை, மற்ற நாளில் புதுப்பேட்டை. சந்தைக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள், குவியலைக் கிளற நேரம் இருக்கும்.

கையில் ஒரு நல்ல போல்ட்டும், அகலம் அளக்கச் சின்ன வெர்னியரும் கொண்டுபோங்கள். ஸ்பேனரை போல்ட்டில் மாட்டி அசைத்துப் பாருங்கள். வாய் விரிந்திருந்தால் கீழே வையுங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை. பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள், தாடை முனை இரண்டும் சேரவேண்டும். பிடியில் பைப்பை வெல்டிங் வைத்து நீட்டியிருந்தால் அந்த இடத்தில் பதம் போயிருக்கும். உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் வாங்கலாம். ஆனால் அந்த விளிம்பை அரைத்து எடுத்த பிறகுதான் சுத்தியல் படவேண்டும், இல்லாவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணுக்கு வரும். கிரைண்டரை நான் அனுமதிக்கும் ஒரே இடம் இது. அதிலும் தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் நனைத்து.

அம்புக்குறி முத்திரை இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்ச் சாமான்களில் நிறைய பார்க்கலாம். ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊர்க்காரர்களான கெடோர், இங்கிலாந்தின் பிரிட்டூல் எல்லாம் பார்த்த உடனே எடுக்க வேண்டியவை. ஆனால் வெளிநாட்டு முத்திரை இருந்தால்தான் கை நீட்டுவேன் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஜலந்தர், லூதியானா பட்டறைகளில் அடித்த பழைய ஸ்பேனர்களில் நாற்பது வருடம் வேலை பார்த்தும் வாய் விரியாதவை என்னிடமே இருக்கின்றன. டபாரியா 1969-ல் ஸ்வீடன் கூட்டோடு ஆரம்பித்தது. அதன் பழைய பிளேயர்களைக் குவியலில் பார்த்தால் விடாதீர்கள்.

*

கேள்வி: என்னிடம் இருக்கும் பழைய ஸ்பேனர் செட் எவ்வளவுக்குப் போகும்?
(வாசகர், தாம்பரம்)

பதில்: பார்க்காமல் விலை சொல்வது சரியில்லை. செட் முழுசாக இருந்தால் பிரித்து விற்காதீர்கள், அது ஒன்றுதான் நான் கேட்டுக்கொள்வது.

*

கேள்வி: எவ்வளவு சுத்தம் செய்தாலும் மறுபடி துருப் புள்ளி வந்துவிடுகிறது. கடல் பக்கத்து வீடு. அதிலும் ஆயுத பூஜை முடிந்த பிறகு நிறைய வருகிறது. என்ன செய்வது?
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஈரச் சந்தனத்தை எஃகின் மேல் அப்படியே விட்டால் அது காயும் வரை அடியில் துரு ஏறும். பொட்டு வட்டமாகவே கறை விழும். பூஜைக்கு முன் சாமானுக்கு மெல்லிசாக எண்ணெய் பூசிவிட்டு, அதன் மேல் பொட்டு வையுங்கள். விஜயதசமி அன்று கையில் எடுக்கும்போதே துடைத்துவிடுங்கள். நான் பொட்டு வைப்பது பெட்டியின் மூடிக்கும் மரப்பிடிகளுக்கும்தான். பூஜையில் குறை எதுவும் வந்ததில்லை.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துச் சிக்குவாடை வரும். தையல் மிஷின் எண்ணெய் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் கிரீஸ். குழி விழுந்து துரு உட்கார்ந்த இடத்துக்குக் கடுக்காய்த் தண்ணீர் போடலாம். நாலு கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் துருவின் மேல் தடவினால் கறுத்து இறுகும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து வரும் கறுப்பு அது. காய்ந்ததும் எண்ணெய்.

கிரீஸ் என்ன செய்யும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தேன். ஜாபர்கான்பேட்டையில் தம்பி வீட்டின் கீழ்த்தளத்தில் என்னுடைய இரண்டு பெட்டிகள் இருந்தன. நாலு நாள் சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்தன. கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் சுற்றியிருந்த பெட்டியில் தாள் கூழாகிவிட்டது, உள்ளே இருந்த ஸ்பேனர்கள் துடைத்ததும் பழையபடி ஆயின. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணெய் போடாமல் வைத்த பெட்டியில் சாக்கெட்டுகள் ராட்சட்டோடு ஒன்றாக இறுகிப்போயிருந்தன. பிரித்தெடுக்கப் பொங்கல் வரை ஆனது. மூன்று சாக்கெட் தேறவில்லை.

உங்கள் வீட்டில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியின் ஒவ்வொரு அறையிலும் இரண்டு போடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடையுங்கள்.