‘தெரியும்’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,

யூட்டாவில் லீஹை நகரில் இருக்கிறேன். கணவர் மார்மன் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு நானும் விரும்பித்தான் ஞானஸ்நானம் பெற்றேன். பதினோரு வருஷம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருந்து சபைக்குப் போவோம். அன்று யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். ‘இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நானும் சொன்னவள்தான். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் பலதார மணம் பற்றிச் சபையே வெளியிட்ட கட்டுரையைப் படித்த பிறகு, இரண்டு வருஷமாக எழுந்திருக்கவே இல்லை. ‘தெரியும்’ என்ற சொல் வாயில் வரவில்லை. விலகவும் மனமில்லை, ஏனென்றால் பிரார்த்தனையில் நான் உணர்ந்தது பொய்யில்லை. கோட்பாடுகளைத் தாண்டி இதற்குள் ஆழமாக ஏதாவது இருக்கிறதா, இல்லை நான் வேஷம் போடுகிறேனா? கணவரிடம் இன்னும் பேசவில்லை. என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் உங்கள் மரபின் நூல்களைப் பல வருஷமாக மரியாதையோடு வாசித்து வருகிறேன். நீங்கள் வேஷம் போடுவதாக எனக்குத் தோன்றவில்லை. வேஷம் போடுகிறவர்களுக்கு அந்தச் சொல் சுலபமாக வந்துவிடும்.

உங்கள் தொண்டையில் நிற்கிற அந்தச் சொல்லுக்கே வருகிறேன். உங்கள் வேதநூல்களில் ஒன்றான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் 46-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஆவியின் வரங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, கிறிஸ்துவை அறிகிற வரம் சிலருக்கும், அப்படி அறிந்தவர்களின் வார்த்தையை நம்புகிற வரம் வேறு சிலருக்கும் கொடுக்கப்படுகிறது என்கிறது. இரண்டும் வரம்தான். மார்மன் நூலில் ஆல்மா 32-ஆம் அத்தியாயம் இன்னும் கீழே இறங்கி வருகிறது. ஏழைகள் என்பதால் தாங்கள் கட்டிய தொழுகைக்கூடத்திலிருந்தே துரத்தப்பட்டவர்களிடம் ஆல்மா பேசுகிறார். நம்பிக்கை இல்லையா, சரி, நம்ப வேண்டும் என்ற ஆசையாவது இருக்கிறதா, அதற்கு மனதில் கொஞ்சம் இடம் கொடுங்கள், விதையைப் போல ஊன்றிப் பாருங்கள் என்கிறார். இரண்டு வருஷமாக வாய் திறக்காமல் சபையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த ஆசை இல்லாமல் அது முடியுமா?

ஜோசப் ஸ்மித்தின் முதல் தரிசனத்தையும் நீங்கள் மறுபடி படிக்க வேண்டும். 1820 வாக்கில், பதினான்கு வயதில், நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவுக்குப் பக்கத்தில் ஒரு தோப்புக்குள் போய் மண்டியிட்ட கதை. நீங்கள் ஞானஸ்நானத்துக்கு முன் கேட்டது 1838-இல் அவர் எழுதவைத்த வடிவமாக இருக்கும். எந்தச் சபை சரி என்று பையன் கேட்கிறான், எதிலும் சேராதே என்று பதில் வருகிறது. ஒரு திருச்சபைக்கு அஸ்திவாரமாக நிற்கக்கூடிய கதை. ஆனால் 1832-இல் தன் கையெழுத்திலேயே அவர் எழுதி வைத்த வேறொரு வடிவம் இருக்கிறது. அங்கே பையன் தன் பாவங்களை நினைத்துத் தவிக்கிறான். மகனே, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று கேட்கிறது. மனம் அன்பால் நிறைந்தது, பல நாள் அந்த ஆனந்தம் இருந்தது என்று எழுதுகிறார்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆகவே பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. ஒரே அனுபவத்தை ஒரு மனிதன் முதலில் தனக்குள் பார்த்துச் சொல்கிறான், ஆறு வருஷம் கழித்துத் தன்னைச் சுற்றிக் கூடிவிட்ட ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறான். கோட்பாடு இரண்டாவதிலிருந்து பிறந்தது. பிரார்த்தனையில் நீங்கள் உணர்ந்ததாக எழுதியிருப்பது முதலாவதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த 1832 பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். 1843-இல் அவரே, மற்ற சபைகளின் விசுவாச அறிக்கைகள் எல்லைக்கல் நட்டு ‘இதற்கு மேல் வராதே’ என்கின்றன, அதை என்னால் ஏற்க முடியாது என்று சொன்னார்.

இதைச் சொல்லி அந்தக் கட்டுரையை மறக்கச் சொல்ல மாட்டேன். 2014-இல் வெளியான அதை நானும் படித்தேன். ஜோசப் ஸ்மித் மணந்த பெண்களில் ஒருத்திக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை என்று கட்டுரையே சொல்கிறது. அவருடைய முதல் மனைவி எம்மா ஸ்மித் பட்ட வேதனையும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் படித்து மனம் உடையாமல் இருந்தால்தான் ஏதோ கோளாறு. தலைவர்கள் தவறு செய்திருக்கிறார்கள் என்று 2013-இல் பொது மாநாட்டு மேடையிலேயே சபையின் தலைவர்களில் ஒருவரான உக்டார்ஃப் சொன்னார். நீங்கள் அதைவிட அதிகமாக எதுவும் சொல்லிவிடவில்லை.

எனக்கு உங்கள் வேதத்தில் மிகவும் பிடித்த இடம் மோசே என்ற நூலின் 7-ஆம் அத்தியாயம். ஏனோக்கு தேவன் அழுவதைப் பார்க்கிறான். பரிசுத்தரும் நித்தியருமான நீர் அழுவது எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். என் கைகளின் படைப்பான இந்தச் சகோதரர்கள் ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள், இவர்கள் துன்பப்படும்போது வானம் அழாமல் இருக்குமா என்று பதில் வருகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். எம்மாவுக்காகவும் அந்தச் சிறுமிக்காகவும் நீங்கள் அழுதிருப்பீர்கள். அந்த அழுகையோடு இந்த அத்தியாயத்துக்குள் போங்கள்.

உங்களைப் போன்றவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் போல் 1967-இல் பாலோ ஆல்டோவில் ஒரு ஞாயிறு ஆராதனையிலேயே பேசினார். மார்மன் நூலில் லேகி என்ற தீர்க்கதரிசியின் கனவில் வரும் இரும்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் ஒருவகை, லியஹோனா என்ற திசைகாட்டியைப் பார்த்துத் தேடிப் போகிறவர்கள் இன்னொருவகை, இருவரும் நல்ல மார்மன்களாக இருக்க முடியும் என்றார். மார்மன் எழுத்தாளர் யூஜின் இங்லண்ட் வேறொரு பக்கம் காட்டினார். வார்டை, அதாவது உள்ளூர்ச் சபையை, நாம் தேர்ந்தெடுப்பதில்லை, வீடு எங்கே இருக்கிறதோ அதுதான் வார்டு. நமக்கு ஒத்துவராதவர்களோடு சம்பளமில்லாமல் உழைத்து, அவர்களை நேசிக்கக் கற்றுக்கொள்கிற இடம் அது என்றார். கோட்பாட்டைத் தாண்டியது எங்கோ தனியாக இருக்கும் என்று தேடுகிறோம். உங்கள் உபவாச நாளில் மிச்சப்பட்ட சாப்பாட்டுக் காசு இல்லாதவர் வீட்டுக்குப் போகிறதே, அங்கேயும் தேடுங்கள்.

இந்த வழி சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். புனிதச் சடங்குகள் நடக்கும் ஆலயத்துக்குள் போக ஆயர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். மார்மன் எழுத்தாளர் லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன் 1993-இல் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அதன் பிறகும் பல வருஷம் தன் வார்டுக்குப் போய் உட்கார்ந்தார். திருவிருந்துத் தட்டு வரும்போது அப்பத்தையும் தண்ணீரையும் எடுக்காமல் அடுத்தவரிடம் நகர்த்த வேண்டிய நிலை. 2023-இல் இறந்தார். அவரைப் போல இருங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒருநாள் விலகித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினாலும் அது தோல்வி இல்லை.

அடுத்த உபவாச ஞாயிறு எழுந்திருப்பதும் உட்கார்ந்திருப்பதும் உங்கள் விருப்பம். எழுந்தால், ‘நம்ப ஆசைப்படுகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கணவரிடம் பேசிவிடுங்கள். இரண்டு வருஷமாக மனைவி எழுந்திருக்கவில்லை என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருப்பாரா? எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவரும் காத்திருக்கலாம்.

அன்புடன்