அரசு டாக்டர் விடுப்பில் இருந்துகொண்டு எம்.பி. தேர்தலில் நிற்கலாமா?

வணக்கம் டாக்டர். காரைக்குடிப் பக்கம் அரசு மருத்துவமனையில் சர்ஜனாக இருக்கிறீர்கள், கட்சியில் கூப்பிடுகிறார்கள், நீண்ட விடுப்பு போட்டுவிட்டு சிவகங்கைத் தொகுதியில் நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கும். அரசு சம்பளம் வாங்கும் உங்கள் வேலை ஆதாயம் தரும் பதவி என்று அரசியலமைப்பின் 102-வது பிரிவும் குறுக்கே நிற்கும். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அதை ஏற்றுக்கொண்ட உத்தரவு, மனுத் தாக்கலுக்கு முன்பே கையில் இருக்கட்டும். மேற்படிப்புக்கு பாண்டு (படித்து முடித்தபின் இத்தனை வருடம் அரசுப் பணியில் இருப்பேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால் அதை இப்போதே எடுத்துப் பாருங்கள். ராஜினாமாக் கோப்பு அங்கே சிக்கினால் தேர்தலே முடிந்துவிடும்.

டெபாசிட் 25,000 ரூபாய், அது பெரிய விஷயமில்லை. தொகுதிதான் பெரிது. கல்லல், தேவகோட்டை வரை உங்கள் கைராசி தெரிந்திருக்கும். ஆனால் திருமயமும் ஆலங்குடியும் இதே தொகுதிதான். அங்கே யார் இவர் என்பார்கள்.

முன்னாள் மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தனைப் பாருங்கள். காது மூக்கு தொண்டை சர்ஜன். 1993-ல் டெல்லி சட்டமன்றம், மறு வருடம் அங்கே போலியோ சொட்டு மருந்து இயக்கம், மக்களவைக்குப் போனது 2014-ல்தான். அந்த இருபது வருடப் பொறுமை உங்களுக்கும் வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

அப்புறம், ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்ட நோயாளிகளையும் தையல் பிரிக்க வரவேண்டியவர்களையும் இன்னொரு சர்ஜனிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டு ராஜினாமாவை நீட்டுங்கள்.