கோடிங் தெரியாமல் கேம் செய்வது: டர்பனிலிருந்து கேள்வி பதில்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறேன், ராத்திரியில் கேம் செய்கிறேன். இதுவரை இரண்டு சின்ன கேம் வெளியிட்டாயிற்று. இரண்டிலும் ஒரு வரி கோடிங்கூடக் கிடையாது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையைத் தினமும் நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, சேமிக்கும் நடுவில் கணினி அணைந்து என் ஆறு வாரத்து வேலை போய்விட்டது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அக்கா, கோடிங் தெரியாதவர்கள் செய்யும் கேமை யாராவது மதிப்பார்களா? எந்தக் கருவியில் தொடங்குவது?

விளையாடுகிறவர் கருவியைப் பார்ப்பதில்லை. கேப்டவுனில் உருவான டெஸ்க்டாப் டஞ்சன்ஸ் முதலில் கேம்மேக்கர் என்ற கருவியில் செய்த இலவச விளையாட்டுதான். 2011-ல் சுயாதீன விளையாட்டு விழாவில் வடிவமைப்புக்கான விருது வாங்கியது. ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ் விளையாட்டு 2014-ல் கிளிக்டீம் ஃப்யூஷன் என்ற கருவியில் செய்தது.

தொடங்க ஜிடெவலப் போதும். இலவசம், மூலநிரலும் திறந்தது. கன்ஸ்ட்ரக்ட் 3 பிரவுசரிலேயே ஓடும், இன்னும் வழவழப்பு, ஆனால் இலவசப் பதிப்பில் வரம்பு உண்டு. இரண்டிலும் வேலை ஒரே மாதிரி. இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். 'பந்து சுவரில் பட்டால்' என்பது நிபந்தனை, 'திசையைத் திருப்பு' என்பது செயல். கோடிங் இல்லை என்றாலும் யோசனை வேண்டும். அந்த யோசனையைத்தான் பழக வேண்டும்.

கேள்வி (லெனேசியா): எல்லோரும் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் 3டி கிரிக்கெட் கேம், முதல் முயற்சியாக. சரியா?

வேண்டாம். ஒரு பந்து, ஒரு மட்டை, ஒரு திரை. அதை முதலில் முடியுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): என் கேமில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. கொம்பு தனியே நிற்கிறது. கருவியே தமிழுக்கு ஆகாதா அக்கா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். தமிழில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வடிவம் மாறும். அதைச் சேர்த்துக் காட்ட ஒரு வேலை நடக்க வேண்டும். ஜிடெவலப்பிலும் கன்ஸ்ட்ரக்டிலும் சாதாரண 'டெக்ஸ்ட்' பொருளைப் போட்டால் அந்த வேலையைப் பிரவுசரே செய்துவிடும். 'பிட்மேப் டெக்ஸ்ட்', 'ஸ்பிரைட் ஃபாண்ட்' இரண்டையும் தமிழுக்குத் தொடாதீர்கள். அவை ஒவ்வொரு குறியையும் தனிப் படமாக வரிசையில் ஒட்டும், கொம்பும் காலும் பிரிந்துதான் நிற்கும். கோடோ 4 என்ற இன்னொரு கருவிக்குப் போனாலும் தமிழ் ஒழுங்காக வரும்.

எழுத்துருவை கேமுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், விற்கும் கேமிலும் பயன்படுத்தலாம். பாமினி என்ற தாத்தா காலத்து எழுத்துருவில் தட்டி வைத்த வசனம் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் ஒன்று. வசனம் எழுத்தெழுத்தாகத் தட்டச்சாகி வருவது எல்லோருக்கும் பிடிக்கும். என் முதல் கேமில் ஆயா 'கொழுந்து' என்று சொல்லும் இடம் திரையில் இப்படி வந்தது: க, கொ, கொழ, கொழு, கொழுந, கொழுந், கொழுந்த, கொழுந்து. நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு குறி. படிக்கிறவர் கண் தடுக்கித் தடுக்கி விழுகிறது. வார்த்தை வார்த்தையாகக் காட்டுங்கள், அழகாக இருக்கும். சொல் விளையாட்டு செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: எழுத்து எண்ணிக்கையைக் கருவியிடம் கேட்டால் 'எட்டு' என்றுதான் சொல்லும். நம் பிள்ளைகள் தமிழ் படிக்கும் திரை அது. அரைகுறையாக விடாதீர்கள்.

கேள்வி (டொங்காட்): எந்தக் கருவி நல்லது அக்கா?

முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): வீட்டில் ஆடும் துனி சீட்டாட்டத்தை கேமாகச் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

அருமையான எண்ணம். மொத்தம் 24 சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு மாறி (விவரத்தைச் சேமித்து வைக்கும் இடம்) வையுங்கள்: இனம் (ஸ்பேட், ஹார்ட் மாதிரி), மதிப்பு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. திரையின் மூலையில் கட்டின் கூட்டுத்தொகையை எப்போதும் காட்டுங்கள். 304 வரவில்லை என்றால் எங்கோ தப்பு, மேலே போகாதீர்கள்.

பிறகு நான்கு நான்காகப் போடுங்கள், அப்புறம் இரண்டிரண்டு. கணினி ஆட்டக்காரருக்கு முதலில் ஒரே ஒரு புத்தி போதும்: முதல் ஆள் போட்ட இனம் கையில் இருந்தால் அதே இனத்தைப் போடு. ஏலம் கேட்பதும், ஜோடி (கையில் ஒரே இனத்து ராஜாவும் ராணியும்) சொல்வதும் பிறகு வரட்டும்.

இதற்குக் கீழே பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது, சுருக்கமாகத் தருகிறேன். லெனேசியாக்காரர், இது 'தண்ணி' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயர், தமிழில் அப்படித்தான் எழுத வேண்டும் என்றார். சென்னையிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு தம்பி, அங்கே தண்ணி என்றால் சாராயம், ஆப் கடையில் அந்தப் பெயரை வைக்க முடியாது என்றார். ஃபீனிக்ஸ்காரர், பெயர் கிடக்கட்டும், ஜோடியை எப்போது சொல்லலாம் என்பதற்கு எங்கள் வீட்டு விதிதான் சரி என்றார். அதற்கு மட்டும் இருபது பதில். யாழ்ப்பாணத்து அத்தை ஒருவர், எங்கள் ஊரில் 304 என்றே ஆடுவோம், ஏழும் எட்டும்கூட உண்டு என்றார்.

பெயரைப் பற்றி என் முடிவு இதுதான். கடையில் தேடுகிறவர் என்ன தட்டுவாரோ அதை வையுங்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் துனி என்றுதான் தேடுவார்கள். 'தண்ணி'யின் கதையை கேமுக்குள் முதல் திரையில் எழுதுங்கள், அங்கே அதற்கு மரியாதை உண்டு. விதியைப் பொறுத்தவரை உங்கள் வீட்டு விதியை மட்டும் செய்யுங்கள். எல்லா வீட்டையும் திருப்திப்படுத்தப் போனால் கேம் முடியவே முடியாது.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க்): வெளியிட எவ்வளவு செலவு? வரி எப்படி?

கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பி வரும். பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் வெளியிடலாம், 'விரைவில்' பக்கம் இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்கு. கூகுள் ப்ளே ஒரே தடவை 25 டாலர், ஆனால் புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். கோயிலில், தமிழ் வகுப்பில், சித்தப்பா வீட்டில் என்று இப்போதே ஆள் சேருங்கள். ஆப்பிளுக்கு வருஷம் 99 டாலர். முதல் கேமுக்கு இட்ச் என்ற இணையதளம் போதும், கட்டணமே இல்லை.

அமெரிக்க விற்பனைக்கு டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு வரி ஒப்பந்தம் இருக்கிறது, படிவத்தில் அதைக் குறிப்பிட மறக்காதீர்கள். உள்ளூர் வரிக்குக் கணக்காளரிடம் போங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி (வெருலம்): யூனிட்டிதானே பெரியது, அதிலேயே தொடங்கலாமா? இல்லையென்றால் எந்தக் கருவி?

மூன்றாவது தடவை. முதல் பதில். யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, ஒரு வருஷம் கழித்துக் கைவிட்டது. எந்தக் கருவியானாலும் விதிமுறையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். நகல் எடுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், துனிக்காரர் மறுபடி): அக்கா, சீட்டு எல்லாம் போட்டுவிட்டேன். மூலையில் 302 வருகிறது!

இரண்டுதான் குறைகிறது, அப்படியானால் பெரும்பாலும் ஏதோ ஒரு ராணிக்கு மதிப்பு போட விட்டுப்போயிருக்கிறது. நான்கு ராணியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறப்பதற்கு முன்னால் ஒரு நகல்.