"எனக்குத் தெரியாது" என்கிற தலைமைப் பயிற்சியாளருக்கு என்ன தண்டனை?

கேள்வி: நான் ஒரு கால்பந்து கிளப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருக்கிறேன். எதிரணி தனியாகச் செய்த பயிற்சியை எங்கள் துணைப் பயிற்சியாளர் ஒளிந்திருந்து படம்பிடித்ததை ஒப்புக்கொண்டுவிட்டார். தலைமைப் பயிற்சியாளர் தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். இருவருக்கும் ஓராண்டுத் தடை விதிக்க வேண்டும் என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மற்றவர்கள் தலைமைப் பயிற்சியாளரைத் தொடவே கூடாது என்கிறார்கள். தொழில்முறைக் கால்பந்து விவகாரங்களில் பயிற்சியாளர்களுக்குக் கிடைத்த தண்டனைகள் நியாயமானவைதானா? அவற்றைப் பார்த்து நாங்கள் முடிவெடுக்கலாமா?

பதில்: தலைமைப் பயிற்சியாளரைத் தண்டிக்கலாம். ஆனால் பெரிய லீக்குகளைப் பார்த்து ஓராண்டு, ஆறு மாதம் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கேயே கணக்கு ஒத்துப்போவதில்லை.

உங்கள் விவகாரத்துக்கு நெருக்கமான உளவு வழக்குகளையே பாருங்கள். 2007இல் அமெரிக்கக் கால்பந்தில் (இது வேறு ஆட்டம்; அதன் லீக் என்.எஃப்.எல்.) நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, எதிரணிப் பயிற்சியாளர்களின் கைச்சாடைகளை ஆட்டத்தின்போது மைதானத்து ஓரத்திலிருந்து படம்பிடித்தது. முந்தைய ஆண்டே லீக் இதை எழுத்து மூலம் எச்சரித்திருந்தது. தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், கிளப்புக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அடுத்த முதல் சுற்றுத் தேர்வும் பறிபோனது. ஆனால் பெலிசிக்குக்கு ஒரு ஆட்டத் தடைகூட இல்லை. அந்த சீசனில் அவருடைய அணி 16 லீக் ஆட்டங்களையும் வென்றது.

2019இல் இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சாவின் ஊழியர் ஒருவர் டெர்பி கவுண்டியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே பிடிபட்டார். பியெல்சா செய்தியாளர்களைக் கூட்டி, அந்த சீசனில் எல்லா எதிரணிகளையும் இப்படித்தான் கவனித்தோம் என்று தானே சொல்லிவிட்டார். கிளப்புக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம். அதைத் தன் கையிலிருந்து கட்டியதாகவும் அவர் சொன்னார். குறிப்பாக இதைத் தடுக்கும் விதி அப்போது இல்லை. கிளப்புகள் ஒன்றுக்கொன்று நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டும் என்ற பொதுவிதியை வைத்துத்தான் குற்றம்சாட்டினார்கள். ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்ற விதி பிறகே வந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து அணியின் பயிற்சிக்கு மேல் டிரோன் பறக்கவிட்ட விவகாரத்தில் கனடா பெண்கள் அணியின் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மேனுக்கு ஃபிஃபா ஓராண்டுத் தடை விதித்தது. அவருடைய ஊழியர்கள் இருவருக்கும் அதே ஓராண்டு. அணிக்கு 6 புள்ளிகள் குறைப்பு, அதாவது டிரோனைத் தொடாத வீராங்கனைகளுக்கும் தண்டனை. பெலிசிக்குக்கு வெறும் அபராதம், பிரீஸ்ட்மேனுக்கு ஓராண்டு வீட்டில். போட்டியும் அமைப்பும் வேறு என்பது உண்மைதான்; ஆனாலும் இந்த இடைவெளியை அது மட்டும் விளக்கிவிடாது.

"தெரியாது" என்ற பதிலுக்கு வருவோம். இதில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இன்னொரு அமெரிக்கக் கால்பந்து அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் வழக்கு. 2009 முதல் 2011 வரை எதிரணி வீரர்களைக் காயப்படுத்தி வெளியேற்றினால் பரிசுப் பணம் என்று ஒரு நிதி நடந்தது. எதிராளியை ஆட்டத்திலிருந்தே விரட்டும் அடிக்கு 1,500 டாலர் என்று விலை இருந்ததாக என்.எஃப்.எல். சொன்னது. நடத்தியவர் அணியின் தடுப்பாட்டத்தைக் கவனித்த துணைப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ். தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் நேரடியாக இதில் இல்லை. இருந்தும் 2012 சீசன் முழுவதும் சம்பளமில்லாத் தடை. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை, விசாரணையில் உண்மையை மறைத்தார் என்பவை லீக்கின் குற்றச்சாட்டுகள். (அந்த ஆண்டில் பேட்டன் தன் மகன் ஆடிய சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.)

என் கணிப்பில் அந்தத் தடை கடுமையானது, ஆனால் அநியாயமானது இல்லை. வெற்றி வந்தால் முழுப்பெருமையும் தலைமைப் பயிற்சியாளருக்குத்தானே போகிறது? அவருடைய ஊழியர்கள் அவருக்காகத்தான் வேலை செய்கிறார்கள்.

அநியாயம் வேறிடத்தில் இருந்தது. தடை விதித்தவர் லீக்கின் தலைவரான கமிஷனர் ரோஜர் குடெல். பேட்டன் மேல்முறையீடு செய்தபோது அதை விசாரித்துத் தள்ளியவரும் அவரே. வீரர்களுக்கோ சங்கம் இருந்தது, அது விடாமல் போராடியது. கடைசியில் அவர்களுடைய மேல்முறையீட்டைக் கேட்க முன்னாள் கமிஷனர் பால் டாக்லியாபூ நியமிக்கப்பட்டார். 2012 டிசம்பரில் அவர் நான்கு வீரர்களின் தடையையும் நீக்கினார். பெரும்பழியைப் பயிற்சியாளர்கள் மீதும் கிளப் மீதும் வைத்தார். அதற்குள் பேட்டனுக்கு சீசனே முடியும் தறுவாயில் இருந்தது. வேறொருவர் கேட்டிருந்தால் அவருடைய தண்டனை குறைந்திருக்குமா? தெரியாது. கேட்கவே இல்லை என்பதுதான் குறை.

ஆகவே உங்கள் குழுவில் முதல் வேலை: விசாரிப்பவர்கள் தீர்ப்பில் உட்காரக் கூடாது, மேல்முறையீட்டைக் கேட்பவர் இரண்டிலும் இருந்திருக்கக் கூடாது. சிறிய கிளப்பில் ஆள் கிடைக்காது என்பீர்கள். வெளியிலிருந்து ஒருவரை அழையுங்கள்.

அடுத்து தலைமைப் பயிற்சியாளரிடம் "தெரியுமா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். அந்தப் படங்கள் யார் கைக்குப் போயின, ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில் யார் காட்டினார்கள், எதிரணியின் ஃப்ரீகிக் அமைப்பு திடீரென்று எப்படித் தெரிந்தது என்று அவர் யாரையாவது கேட்டாரா? ஏவியிருந்தால் அவர் குற்றம் துணைப் பயிற்சியாளருடையதைவிடப் பெரிது. தெரிந்து பேசாமல் இருந்திருந்தால் ஏறக்குறைய சமம். கண்காணிக்காமல் விட்டிருந்தால் அபராதமோ ஓரிரு ஆட்டத் தடையோ போதும். விசாரணையில் பொய் சொல்லியிருந்தால் அது தனிக் குற்றம். மற்றதோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். உங்கள் கிளப் விதியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், லீட்ஸ் வழக்கைப்போலத் தண்டனையை மிதமாக வைத்துவிட்டு, விதியை இப்போது எழுதுங்கள்.

கடைசியாக, பலர் மறந்துவிடுகிற ஒன்று. 2012இல் இத்தாலியில் யுவென்டஸ் பயிற்சியாளர் அந்தோனியோ கோன்டேவுக்கு, முன்பு சியெனா அணியில் இருந்தபோது ஆட்ட முறைகேட்டைப் பற்றிப் புகார் செய்யவில்லை என்று 10 மாதத் தடை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 4 மாதமானது. 2016இல் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த 4 மாதமும் அவர் யுவென்டஸ் வீரர்களுக்கு வாரம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார், ஆட்ட நாளில் மட்டும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். யுவென்டஸ் அந்த சீசனில் பட்டமும் வென்றது. நீங்கள் "தடை" என்று எழுதும்போது, பயிற்சி மைதானம், டிரெஸ்ஸிங் ரூம், ஆட்டத்தின்போது போனில் பேசுவது, இவற்றில் எவை அடங்கும், எந்தத் தேதியில் தடை முடியும் என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.