கம்ப்ரசர் நிலையத்தில் எரிவாயு வீணாவது எங்கே? கேள்வி பதில்

வட இந்திய எரிவாயுக் குழாய்ப்பாதை நிலையங்களில் மையவிலக்கு கம்ப்ரசர்களை, அதாவது சுழலும் சக்கரத்தால் வாயுவை அழுத்தும் இயந்திரங்களைப் பராமரித்து, ஓய்வுபெற்றபின் நாகர்கோவிலில் வசிக்கும் பொறியாளர் பதிலளிக்கிறார்.

நாகர்கோவில், பொறியியல் மாணவி: வழியில் இத்தனை நிலையங்கள் எதற்கு ஐயா?

உராய்வால் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும் மகளே. அதனால்தான் ஹஜிராவிலிருந்து ஜகதீஷ்பூர் செல்லும் பாதையில் ஜாபுவா, விஜய்ப்பூர் ஆகிய இடங்களில் மீண்டும் அழுத்தம் ஏற்றுகிறார்கள். கேஸ் டர்பைனில் ஓடும் நிலையம் குழாயில் வரும் வாயுவையே எரிக்கிறது. மிச்சப்படுத்துவதெல்லாம் விற்கக்கூடிய சரக்கு.

மார்த்தாண்டம், வளைகுடாவில் ஆபரேட்டர்: முதலில் எதைப் பார்க்க வேண்டும் அண்ணாச்சி?

மறுசுழற்சி வால்வை. வரத்து மிகவும் குறைந்தால் வாயு இம்பெல்லரில், அதாவது அந்தச் சுழலும் சக்கரத்தில், பின்னோக்கிப் பாயும். இயந்திரம் அதிர்ந்து, பேரிங்கும் சீலும் கெடும். இதுதான் சர்ஜ். அதைத் தடுக்க, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை இந்த வால்வு உள்வாயிலுக்கே திருப்பி விடுகிறது. பயத்தில் இதைச் சற்றுத் திறந்தே வைத்து ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. அழுத்திய வாயுவையே மறுபடி அழுத்துகிறோம். எரிபொருள் எரிகிறது, குழாயில் ஒரு கனமீட்டர்கூடக் கூடுதலாக நகர்வதில்லை. வால்வுத் திறப்பு பூஜ்யம் என்று கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டினாலும் நம்பாதீர்கள். வால்வருகே போய்க் காது கொடுங்கள். உள்ளே சீறல் கேட்டால் மூடி அமரும் அதன் இருக்கை தேய்ந்து வாயு கசிகிறது. சர்ஜ் தொடங்கும் எல்லைக்கும் இயந்திரம் ஓடும் நிலைக்கும் நடுவே விடும் பாதுகாப்பு இடைவெளியைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் அந்த எல்லையைச் சோதித்து அளந்துகொள்ளுங்கள். கண்மதிப்பு ஆகாது.

ஆரல்வாய்மொழி, காற்றாலை டெக்னீஷியன்: கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்தால் பலன் உண்டா?

நிறைய உண்டு தம்பி. காற்று சற்று வலுத்ததும் காற்றாலையில் மின்சாரம் எகிறுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகத்தின் மும்மடிக்கேற்பத் திறன் மாறும் அதே விதி இங்கும் உண்டு. விதிப்படி வேகம் 10 சதவீதம் குறைந்தால் திறன் தேவை சுமார் 27 சதவீதம் குறையும். ஆனால் அழுத்த உயர்வும் 19 சதவீத அளவுக்கு இறங்கும். அடுத்த நிலையம் கேட்கும் அழுத்தம் கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் குறைக்கலாம்.

தக்கலை, பாலிடெக்னிக் ஆசிரியர்: வெப்பநிலைக்குப் பங்கு உண்டா?

உண்டு. உள்வரும் வாயு 3 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 1 சதவீதம் திறன் மிச்சம். வெளியேறும் வாயுவைக் குளிர்வித்தால் அடுத்த பகுதியில் அழுத்த இழப்பும் குறையும். குளிர்விப்பானின் துடுப்புகளில் படியும் தூசியைக் கழுவினாலே வித்தியாசம் தெரியும்.

குளச்சல், பயிற்சிப் பொறியாளர்: இரண்டு இயந்திரங்களும் அரைச் சுமையில் ஓடுகின்றன. ஒன்றை நிறுத்தலாமா?

மற்றது வரத்துக்கும் அழுத்தத்துக்குமான தன் வளைகோட்டின் நல்ல பகுதியில் நின்று முழு வரத்தையும் தாங்குமானால் நிறுத்துங்கள். கேஸ் டர்பைன் குறைந்த சுமையில், செய்யும் வேலைக்கு அதிக எரிபொருள் தின்னும். இரண்டும் ஓடியே தீர வேண்டுமென்றால், சர்ஜ் எல்லையிலிருந்து இரண்டும் சம தூரத்தில் நிற்கும்படி சுமையைப் பிரியுங்கள். இல்லாவிட்டால் எல்லையை நெருங்கிய இயந்திரத்தின் மறுசுழற்சி வால்வு திறந்துவிடும்.