மருந்துப் போத்தல் ஏன் தமையன் வீட்டுக்குப் போனது?

கேள்வி

வணக்கம் அம்மா. நான் கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்பவன், வயது 54. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. போன காலபோகம் நெல் கதிர் வெளிவர முந்தின குடலைப் பருவத்தில் வெள்ளம் நின்று பயிர் அழுகிவிட்டது. கிடைத்த நட்டஈடு உழவுக்கூலிக்கே காணாது. அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. கனடாவில் இருக்கும் தம்பி கோல் எடுப்பதேயில்லை. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமில் இருந்தபோதுகூட நான் இப்படித் தளரவில்லை.

கோயில் மண்டபத்தில் யோகா வகுப்பு தொடங்கினார்கள். பற்றை விடச் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்துக்கொண்டது. விடிய மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவேன், எப்படியும் நித்திரை வருவதில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிளைத் தங்கச்சியின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். மனைவிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "சாமியாராகப் போறியளோ" என்று நக்கல். தம்பியை நான்தான் படிப்பித்தேன், அதையும் இந்த வீட்டில் யாரும் நினைப்பதில்லை. வயலுக்கு அடிக்க வாங்கிய மருந்துப் போத்தலைக்கூட என்னைக் கேட்காமல் தன் தமையன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். எனக்கு இவ்வளவுதான் மரியாதை. தம்பிக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை.

குடும்பத்துக்குள் இருந்துகொண்டே யோக வழியில் நடப்பதை அவளுக்கு எப்படி விளங்க வைப்பது?

பதில்

அன்புள்ள அண்ணா,

தம்பியையும் நட்டஈட்டையும் இப்போதைக்கு ஒரு பக்கம் வைப்போம். மருந்துப் போத்தலைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு உடனே மரியாதைக்குத் தாவிவிட்டீர்கள். அதை ஏன் கொண்டுபோனாய் என்று மனைவியிடம் கேட்டீர்களா? நித்திரையில்லாமல், சாப்பிடாமல், வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுக்கும் மனிதனைப் பக்கத்திலிருந்து பார்த்து அவர் பயந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம். போத்தல் அங்கேயே இருக்கட்டும். மருந்தடிக்கிற நாளில் மச்சானே கொண்டுவந்து அடிக்கட்டும்.

நேராகவே கேட்கிறேன்: செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா? கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. வருகிறது என்றால் இன்றைக்கே மனைவியிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம். வரவில்லை என்றாலும் இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். நித்திரையும் சாப்பாடும் இப்படிப் போனால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

சரி, யோகத்துக்கு வருவோம். நீங்கள் எடுத்துக்கொண்டது பாதிதான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி பற்றின்மையைத் தனியே விடவில்லை, விடாப் பயிற்சியோடு சேர்த்தே சொன்னார். அவர் சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவது இயமம் என்கிற ஒழுக்கம், அதற்குள் முதலாவது அகிம்சை. அதில் உங்கள் உடம்பும் சேர்த்திதான். யோகத்துக்கு வரும் தடைகளைச் சொல்லும்போது நோயை முதலில் வைக்கிறார். அவற்றோடு கூடி வருபவை துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரில்லாத மூச்சு என்கிறார். நீங்கள் வைராக்கியம், அதாவது பற்றின்மை, என்று நினைத்துக்கொண்டிருப்பது அவருடைய கணக்கில் தடைப் பக்கம் நிற்கிறது. கீதை இன்னும் வெளிப்படை: அளவுக்கு மீறி உண்பவனுக்கும் யோகமில்லை, உண்ணாதவனுக்கும் இல்லை, மிகத் தூங்குபவனுக்கும் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை.

பற்று விட்டவர் கடிதத்தில் தம்பி மூன்று இடத்தில் வருவாரா, அண்ணா? குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். 2009இல் தளராதவர் இப்போது ஏன் தளர வேண்டும் என்று உங்களையே குத்திக்கொள்ளவும் வேண்டாம். அன்றைக்கு அழ நேரமிருக்கவில்லை. அன்று அழாததும் இந்த வெள்ளத்தோடு சேர்ந்து வந்திருக்கலாம்.

வட்டிக்கு வழி பார்க்க மச்சானையும் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அது அப்புறம். முதலில் இன்றிரவு மனைவியோடு உட்கார்ந்து ஒரு பிடி சோறு சாப்பிடுங்கள். மோட்டார் சைக்கிளையும் திருப்பிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மருமகன் தருவார். வைத்தியசாலைக்குப் போக அது வேண்டும்.