சிந்துபாத்தும் அரை மாத்திரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய மொழி வகுப்பின் ஆண்டு விழாவில் நானும் தோழியும் ஜப்பானின் இரு பாடகியர் குழுவான பிங்க் லேடியின் ‘நகிசா நோ சிந்துபாத்’ (கடற்கரைச் சிந்துபாத்) பாடப்போகிறோம். வரிகளைத் தமிழில் எழுதித்தான் மனப்பாடம் செய்தோம். இசையோடு பாடினால் சில இடங்களில் முந்திவிடுகிறோம், சில இடங்களில் பின்தங்குகிறோம். இன்னொரு கேள்வி: பெண்ணுக்குப் பெண் தாவும் ஒருவனை இந்தப் பாட்டு திட்டுகிறதா, கொஞ்சுகிறதா?

ச., கோவை

அன்புள்ள ச.,

கோளாறு தமிழில் எழுதிக்கொண்டதில் இருக்கிறது. பாட்டில் வரும் ‘உவகி’யை (காதலில் சபலம்) அப்படியே எழுதினால் ‘கிளி’யின் கி வரவேண்டிய இடத்தில் ‘அகில’த்தின் கி வந்துவிடும். அதைத் திருத்த ‘உவக்கி’ என்று எழுதியிருப்பீர்கள். ஜப்பானியத்தில் அந்த ஒற்று ஒரு முழு எண்ணிக்கை. மூன்று எண்ணிக்கைச் சொல் நாலாகும், பின்தங்குவீர்கள். முந்துவதற்குக் காரணம் இதன் மறுபக்கம். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு ‘ன்’ ஒன்று. ‘ச்சொ-இ-தொ-ஒ-னி-இ-ச-ன்’ (வேறு வழியில்லாமல் நானும் தமிழில்தான் எழுதுகிறேன்) எட்டு. கடைசி ‘ன்’னை விழுங்கினால் அடுத்த வரி சீக்கிரம் வந்துவிடும்.

ஜப்பானியரின் ஒலியெழுத்தான ஹிரகனாவிலேயே எழுதுங்கள். மெட்டு வேண்டாம், எழுத்துக்கு ஒரு கைதட்டு. சிறிய ய, யு, யொ முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தனித் தட்டு கிடையாது. ஒற்றைக் குறிக்கும் சிறிய த்சுவுக்கு உண்டு. நெடிலுக்கு இரண்டு. தட்டு தடுமாறாமல் வந்த பிறகு இசையைப் போடுங்கள், முதலில் வேகத்தைக் குறைத்து.

இரண்டாவது கேள்விக்கும் இந்த எண்ணிக்கையிலேயே பதில் இருக்கிறது. 1977 ஜூனில் வந்த பாட்டு இது. சொற்கள் அகு யூ, இசை தொகுரா ஷுன்இச்சி. தொடக்கத்தில் ‘இங்கேயா என்றால் அதோ அங்கே’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறதே, ஜப்பானியர் காதில் அது பள்ளிக்கூடப் பாட்டாகவே விழும். 1911இல் வந்த தொடக்கப்பள்ளிப் பாடல் ‘உஷிவகமரு’, கியோத்தோவின் கொஜோ பாலத்தில் பெங்கே என்ற வீரத்துறவியின் கையில் சிக்காமல் துள்ளும் சிறுவனைப் பற்றியது. அதில் இவ்வரி 7+5 எண்ணிக்கை, ஜப்பானியக் கவிதையின் மரபான அளவு. அகு யூ ஒரு ‘க’வும் இன்னொரு ‘மத’வும் (‘மறுபடி’) சேர்த்து 8+7 ஆக்கிவிட்டார். பழைய வீரனின் துள்ளல் இப்போது அலைச்சறுக்குப் பலகையை இடுக்கிக்கொண்டு அழகிக்கு அழகி தாவுகிறவனுக்குப் போய்விட்டது. மூச்சு வாங்குகிற நீளமும் சேர்ந்துகொண்டது. துறைமுகம் மாறிமாறிப் போகும் சிந்துபாத் என்ற பெயர் அவனுக்குப் பொருந்தாமல் என்ன செய்யும்?

‘உவகி’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ‘மிதக்கும் மனம்’. திட்டும் சொல்தான், ஆனால் கரடுமுரடானதல்ல. பாடுகிறவள் அவனுடைய வண்டவாளம் எல்லாம் தெரிந்தவள், தெரிந்தே விழுந்தவள். ஆகவே முகத்தில் கோபம் காட்டினால் பாட்டு செத்துவிடும். ‘ச்சொஇதொ ஒனீசன்’ என்ற இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அகராதியில் ‘அண்ணா’ என்று இருக்கும். தமிழில் ஒருவனை அண்ணா என்றால் கதவைச் சாத்தியாயிற்று என்று பொருள். அங்கே அப்படியில்லை. முன்பின் தெரியாத இளைஞனை அப்படி அழைப்பது வழக்கம், அதிலும் ‘ச்சொஇதொ’ (‘கொஞ்சம் இங்கே பாருங்க’) சேர்ந்தால் கடைவாசலில் நின்று கூப்பிடுகிற பழைய குறும்பு வந்துவிடும். ‘ஓவராத்தான் ஒட்டறீங்க சார்’ என்கிற தொனி. புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள்.